கோட்டில் நின்ற ஈ

மச்சான்,

இன்று காலை உன் விசிலை ஊதினேன். வராண்டாவில் போய்க்கொண்டிருந்த இயற்பியல் வாத்தியார் திரும்பி நின்று முறைத்தார். பஸ் ஸ்டாண்டில் ஊத வேண்டியதைக் கல்லூரி ஆய்வகத்தில் ஊதினால் யார்தான் முறைக்க மாட்டார்கள்? நீ இருந்தபோதும் அவர் இப்படித்தான் முறைப்பார். நீ உடனே, "உள்ள ஏறுங்க சார், எடம் இருக்குது" என்பாய். இன்று அதைச் சொல்ல ஆளில்லாததால் அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு விஷயம் நடந்திருக்கிறது. நல்ல விஷயம். இப்போதே கொட்டிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. ஆனால் ஒருமுறை என் நாக்கு துடித்ததில் உனக்கு என்ன ஆயிற்று என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் இந்தத் தடவை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் ஊதி நிறுத்தாமல் கேள்.

காலையில் ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சிக்கொண்டிருந்தோம். மக்காச்சோள மாவு, கடல்பாசித் தூள், ஈஸ்ட், வெல்லம். வெல்லம் இன்னும் பெண்ணாடம் பக்கத்து வெல்லம்தான். நீ பிடித்துக் கொடுத்த அதே ஆள் மாதாமாதம் பஸ்ஸில் போட்டுவிடுகிறார். அது கரைந்து கொதிக்கும்போது கட்டிடம் முழுக்கப் பொங்கல் வாசனை அடிக்கும், நீ ஞாபகத்துக்கு வருவாய். வேடிக்கை என்னவென்றால் அந்த வாசனை உனக்குத் தெரியவே தெரியாது. முதல் தடவை நீ ஆய்வக வாசலில் நின்றபோது, "எனக்கு ஒண்ணும் தெரியல மாப்ள, கருவாட்டு வாசனைகூட தெரிய மாட்டுது" என்றாய். கை நடுங்குவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே உன் மூக்கு போய்விட்டிருந்தது. இந்த நோய் பல பேருக்கு அப்படித்தான் தொடங்கும் என்று நான் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். உன்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து எத்தனை தடவை சாப்பிட்டேன், ஒரு தடவையாவது கவனித்தேனா?

நாம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். நான் விலங்கியல் படித்து வாத்தியாராகிவிட்டேன், நீ சிதம்பரத்துக்கும் குமராட்சிக்கும் ஓடும் மினிபஸ்ஸில் கண்டக்டர் ஆனாய். உன் தங்கையை நான் கட்டிக்கொண்ட பிறகுதான் நீ மச்சான், நான் மாப்ள. அதற்கு முன்னால் நாம் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டதை எழுத்தில் எழுத முடியாது.

உன் வலது கட்டைவிரல்தான் முதலில் மக்கர் பண்ணியது. டிக்கெட்டைக் கிழிக்கப் போனால் இரண்டு மூன்றாகக் கிழிந்து வந்தது. பிறகு ட்ரிப் ஷீட்டில் உன் எழுத்து வரவர எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போனது. கம்பியில் தொங்கித் தொங்கி நரம்பு இழுத்துக்கொண்டது என்று நீயே ஒரு காரணம் வைத்திருந்தாய். கடலூரில் மஞ்சக்குப்பத்து டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் உன்னை நடக்கவிட்டுப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொன்னார், பார்க்கின்சன் நோய் என்றார். உனக்கு நாற்பத்திரண்டு வயது.

வெளியே வந்து மைதானத்து ஓரம் டீ குடித்தோம். நீ டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு, "இது கெழவனுங்களுக்கு வர்றதுல்ல?" என்றாய். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு இருப்பவனா நான்? "மச்சான், எங்க லேப்ல இதே வியாதியோட நானூறு ஈ இருக்குது" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். செத்தோம் என்று நினைத்தேன். அப்புறம் டீ சிந்தச் சிந்தச் சிரித்தாய். "தொணைக்கு நானூறு பேரா? அவுங்கள்லாம் எங்க வேலைக்குப் போறாங்க?"

அந்த ஈக்களைப் பற்றி அன்றைக்கு பஸ்ஸில் வழி முழுக்க உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். வாழைப்பழத் தார் மேல் மொய்க்குமே, எள்ளளவு, அந்தப் பழ ஈ. அதன் மூளை ஊசிமுனை அளவுகூட இருக்காது. ஆனால் நம் மூளையில் எந்த ரசாயனம் குறைந்தால் கை நடுங்குமோ, கால் ஒட்டிக்கொள்ளுமோ, அதே டோபமின் அதற்குள்ளும் இருக்கிறது. மனிதனுடைய ஒரு மரபணுவை அதற்குள் வைத்த ரகம் ஒன்று உண்டு. அந்த ரகத்தின் மூளையில், உன் மூளையில் கட்டிக்கட்டியாகச் சேரும் அதே புரதம் சேரும். நமக்கு இருபது வருஷத்தில் ஆவது அதற்கு மூன்று நான்கு வாரத்தில் ஆகிவிடும். அதன் மொத்த ஆயுளே இரண்டு மாதம்தான். ஒரு மருந்து கேட்குமா கேட்காதா என்று மனிதனிடம் பார்க்க வருஷக்கணக்கு ஆகும், ஈயிடம் ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். நான் சொல்லச் சொல்ல நீ தலையாட்டிக்கொண்டே வந்தாய். பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடம் வந்ததும், "சரி, அதுக்குக் கை ஏது நடுங்குறதுக்கு?" என்று கேட்டாய். நல்ல கேள்வி என்றேன்.

கை கிடையாது. ஆனால் ஏறும். ஈயை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு மேஜையில் தட்டினால் எல்லாம் அடியில் விழும். விழுந்த உடனே சுவரைப் பிடித்து மேலே ஏறுவது அதன் சுபாவம். குழாயில் எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருப்போம். பத்து நொடியில் இருபது ஈயில் எத்தனை கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ண வேண்டும். நல்ல ஈ மடமடவென்று ஏறிவிடும். நோய் வந்த ஈ பாதியில் நிற்கும், வழுக்கும், அடியிலேயே வட்டம் போடும். அவ்வளவுதான் பரீட்சை. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. குழாய், கோடு, கடிகாரம், எண்ணுவதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும்.

அந்த ஓர் ஆள் அப்போது நானாக இருந்தேன். அதுதான் கோளாறு.

வயல் வரப்பில் முளைக்கும் ஒரு கீரையை நோயுள்ள ஈக்களின் சாப்பாட்டில் கலந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே எவனாவது வாட்ஸாப்பில் போட்டு நாலு பேர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்த வருஷம் கார்த்திகை மாதம் எண்ணினேன். கீரை தின்னாதவை இருபதுக்கு ஆறு. தின்றவை பத்து, பதினொன்று. திரும்ப எண்ணினேன், பத்து. கதவைக்கூடப் பூட்டாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

உன் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. நீ இரண்டு விசில் கொடுத்துவிட்டுப் படியில் கால் வைத்திருந்தாய். நான் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "ஏறுதுடா மச்சான், ஏறுது!" என்று கத்தினேன். நீ ஒரு விசில் ஊதி வண்டியை நிறுத்தினாய். ஜன்னலோரம் இருந்த அம்மா, "யாருப்பா ஏறணும், சீக்கிரம் ஏறுங்க" என்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆள் இல்லமா, ஈ" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். "நெஜமாவா?" என்று மெதுவாகக் கேட்டாய். "நெஜமா" என்றேன்.

மச்சான், அந்த "நெஜமா"வை நான் சொல்லியிருக்கக் கூடாது.

நாலு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நீ டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்தக் கீரையை தினமும் காலையில் அரைத்துக் குடித்திருக்கிறாய். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. குணமானதும் சொல்லி எல்லாரையும் அசத்தலாம் என்று இருந்தாயாம். குமராட்சியில் வண்டி நின்றது, நீ இறங்கப் போனாய், கால் படியில் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. வலது மணிக்கட்டு உடைந்தது. ஓனர் தங்கமான மனுஷன்தான், ஆனால் ஓடுகிற வண்டியில் அவர் உன்னை எப்படி நிற்கவைப்பார்? இருபது வருஷம் பார்த்த வேலை போனது. ஆஸ்பத்திரியில் உன் தங்கை என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

நான் அழுதேன். நீ கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, அப்போதே குரல் உள்ளே போகத் தொடங்கியிருந்தது, கிட்டே வரச் சொல்லிக் கேட்டாய்: "ஈ ஏறுனது நெஜந்தானே மாப்ள?"

"நெஜந்தான்."

"யார் எண்ணுனது?"

"நான்தான்."

"கீரை போட்டது யாரு?"

"அதுவும் நான்தான்."

நீ மேலே விசிறியைப் பார்த்தாய். "டிக்கெட் குடுத்தவனே செக்கிங்கும் பண்ணா அது என்னா செக்கிங்? நான் வந்து எண்ணுறேன்" என்றாய்.

எந்தக் குழாய் எது என்று தெரியாமல்தான் எண்ண வேண்டும் என்பது முதல் வருஷப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நானே மாணவர்களுக்கு அதைப் பத்து மார்க் கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன். செய்யவில்லை, அவ்வளவுதான். சின்ன ஆய்வகம், ஆள் இல்லை, நேரம் இல்லை என்று நூறு சாக்கு என்னிடம் இருந்தது. அத்தனையையும் நீ மினிபஸ் பாஷையில் ஒரே வரியில் கிழித்துப் போட்டுவிட்டாய்.

கட்டுப் பிரித்த வாரம் நீ வந்தாய். தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு, வேலைக்கு வருகிற மாதிரியே வந்தாய். உன் தங்கையையும் கூட்டி வந்திருந்தாய். குழாய்களில் இருந்த பெயர்ச்சீட்டுகளை அவள் தனியறையில் கிழித்துவிட்டு வெறும் எண்களை ஒட்டினாள். எந்த எண் எது என்று ஒரு தாளில் எழுதி உன் பைக்குள் போட்டு மூடினாள். "நீ ஜன்னல் பக்கம் திரும்பி நில்லு, ஒன் மூஞ்சியில எல்லாம் தெரியும்" என்றாய் அவளிடம். அவளும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

உன்னால் எண்ண முடியுமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் வேறு ஈக்களை வைத்து முதலில் உன்னைச் சோதித்தேன், கைபேசியில் படமும் எடுத்தேன். நீ பதினொன்று என்றால் படத்தை நிறுத்திப் பார்த்தபோது பதினொன்று இருந்தது. பதினேழு என்றால் பதினேழு. நான் ஒன்று இரண்டு என்று விரல் விட்டுக்கொண்டிருக்கும்போதே நீ சொல்லிவிடுவாய். "நெறஞ்ச வண்டியில ஆள் எண்ணுறதுக்கு இது எவ்ளோ தேவலாம் மாப்ள. இதுங்க கொழந்தைய மடியில மறைக்கறதில்ல" என்றாய். உன் கைதான் நடுங்கியது. கண் நடுங்கவே இல்லை.

உனக்குக் குரல் சத்தமாக வராததால் விசில். இரண்டு விசில் என்றால் நான் குழாயைத் தட்ட வேண்டும். பத்தாவது நொடியில் நான் கை தூக்க, நீ ஒரு விசில் ஊதிவிட்டு எண்ணிக்கை சொல்ல வேண்டும். எல்லாம் தயார். முதல் விசிலுக்கு முன்னால் நீ திடீரென்று கேட்டாய்.

"படியில நிக்கிறவன் கணக்குல உண்டா?"

"என்னா படி?"

"கோட்டு மேலயே ஒண்ணு நிக்குதுன்னு வெச்சிக்க. ஏறுனதா, ஏறலையா?"

"ஏறுனதுதான். கோட்டத் தொட்டுடுச்சில்ல."

"எல்லா கொழாய்க்கும் அப்டித்தான் எண்ணுனியா?"

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீரைக் குழாயில் கோட்டில் நின்றவற்றை நான் சேர்த்திருந்தேன். மற்றக் குழாயில் விட்டிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. உனக்குக் குணமாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பார்த்த கண் அது, தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. நீ அதைப் பார்த்தாய். "சரி, படியில நிக்கிறவன் கணக்குல இல்ல. எந்தக் கொழாய்க்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு விசில் ஊதினாய்.

ஆறு குழாய். ஆறு, ஐந்து, ஏழு, ஆறு, ஏழு, ஐந்து. ஒவ்வொரு எண்ணையும் நீ ஒரே குரலில்தான் சொன்னாய். அந்த அறையிலேயே, ஏன் இந்த ஊரிலேயே, அந்த ஈக்கள் ஏற வேண்டும் என்று உன்னைவிட ஆசைப்பட்டவன் யாரும் கிடையாது. நீ நினைத்திருந்தால் ஒன்றிரண்டைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. உன் தங்கை பையைத் திறந்து தாளைப் படித்தாள். கீரை தின்றவை, தின்னாதவை, இரண்டும் ஒன்றேதான்.

"அப்போ நான் நாலு மாசம் குடிச்சது?" என்றாய்.

"கீரை, மச்சான். வெறும் கீரை."

"கசப்பு இல்லாத கீரையா பாத்து ஆராய்ச்சி பண்ணியிருக்கக் கூடாதா பாவி" என்றாய். பிறகு பைக்குள் கையை விட்டு, மடங்கிக் கிடந்த மாத்திரைப் பட்டையை எடுத்தாய். ஒரு மாத்திரை எடுக்கவே உனக்கு ரொம்ப நேரம் பிடித்தது, நாங்கள் உதவிக்கு வரவில்லை, வந்தால் நீ கடித்துவிடுவாய். முழு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் எண்ணு மாப்ள. வேற ஈ வெச்சி. நான் தப்பா எண்ணியிருந்தா?" என்றாய்.

இன்னொரு தரம் எண்ணினோம். அப்புறம் ஒரு தரம். மூன்றிலும் அதேதான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் குதூகலமாகவும் இருந்தது. அந்த ஆய்வகத்தில் அதுவரைக்கும் நான் எண்ணியது எல்லாம் என் ஆசையை. அன்றுதான் முதல்தடவையாக ஈயை எண்ணினோம்.

அப்புறம் நீ செவ்வாயும் வெள்ளியும் வரத் தொடங்கினாய். டாக்டர் மாத்திரையைத் திரும்பச் சரிசெய்ததில் நடை கொஞ்சம் தேறியிருந்தது. உன் பழைய வண்டியிலேயே வந்து இறங்குவாய், புதுக் கண்டக்டர் உனக்காக ஒரு நொடி கூடுதலாக நிறுத்துவான். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டு வண்டி ஓடாத வாரம் போன் பண்ணி, "வெள்ளத்தச் சாக்கு வெச்சி ஈங்களுக்கு லீவு உட்டுடாத" என்பாய். என் மாணவி கயல்விழிக்குத் தலை எண்ணும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தாய். முதலில் மேலே, பிறகு கீழே, நடுவைக் கடைசியில் என்று. அவள் அதை ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டாள். எழுது என்றேன்.

உன்னோடு எண்ணிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராது மச்சான், அவ்வளவு உற்சாகம். ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு எண்ணினோம், நல்ல ஈக்கள்கூட ஏறாமல் சோம்பின. நான் சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று பதறினேன். நீ, "மத்தியான ட்ரிப்புல எவன் ஏறுவான்? அதுங்க கண் அசருது, உடு" என்றாய். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பழ ஈ மத்தியானத்தில் தூங்கும் என்று அதில் போட்டிருந்தது. நீ ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அதைக் கண்டுபிடித்தாய். அன்றிலிருந்து எல்லா எண்ணிக்கையும் காலை ஒன்பது மணிக்குத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. உன் எறும்பெழுத்து நோட்டு ஒன்று உண்டே. எண்ணியதை எல்லாம் அலமாரியில் எந்தத் தட்டிலிருந்து எடுத்த குழாய் என்பதோடு சேர்த்து எழுதி வைத்திருந்தாய், எந்தப் பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் என்று எழுதுகிற பழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை அதை என் முன்னால் தள்ளினாய். "கீழ்த்தட்டு ஈ எப்பவும் ஒண்ணு ரெண்டு ஜாஸ்தி ஏறுது மாப்ள. மேல்தட்டுல என்னா இருக்குது?"

மேல்தட்டுக்கு நேர் மேலே டியூப்லைட் இருந்தது. ஆய்வகக் காவலுக்காக இரவெல்லாம் அதை அணைப்பதில்லை. கீழ்த்தட்டு இருட்டு.

"எனக்கும் அப்டித்தான். நல்லா தூங்கி எழுந்த அன்னிக்குக் காலையில மாத்திர போடறதுக்கு முன்னாடியே கை கேக்குது. இதுங்களுக்கும் தூக்கம் கெட்டா கால் வராதோ என்னமோ" என்றாய்.

எழுந்து நின்றுவிட்டேன். என் கால் தன்னால் வாசல் பக்கம் திரும்பியது. "ஒக்காரு. இன்னும் எண்ணல" என்றாய்.

எண்ணுவதற்குள் உனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. கடலூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த கடைசி மத்தியானம், உன் குரல் விசிலில் போகும் காற்று அளவுக்குத்தான் இருந்தது. காதை உன் வாயருகே வைத்தேன். "இங்க லைட்ட அணைக்கவே மாட்றாங்க மாப்ள. அந்த ஈங்களுக்கு அணைச்சியா?" என்றாய். அணைத்துவிட்டேன் என்றேன். அது பொய். அன்று மாலை நேராகச் சிதம்பரம் போய் அணைத்தேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது கேள்.

நோயுள்ள ஈக்களை இரண்டு பங்காகப் பிரித்தோம். ஒரு பங்குக்கு ராத்திரி நல்ல இருட்டு, இன்னொரு பங்குக்கு விளக்கு. சாப்பாடு, சூடு, குழாய் எல்லாம் ஒன்றே. போன தை மாதம் ஒருமுறை எண்ணினோம், வித்தியாசம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பங்குனியில் புது ஈக்களோடு மறுபடி எண்ணினோம், இருந்தது. வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். இன்று மூன்றாவது தடவை.

உன் தங்கை வந்திருந்தாள். எண்களை ஒட்டி, தாளை உன் தோல் பையில் வைத்து மூடிவிட்டு, யாரும் சொல்லாமலே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கயல்விழி குழாயைத் தட்டி எண்ணினாள். நான் கடிகாரமும் விசிலும். வெல்லம் கொதிக்கும் வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆறு. பன்னிரண்டு. ஏழு. பதினொன்று. ஆறு. எண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது தாளைப் பார்க்காமலே தெரிந்தது. விசிலைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது, உன் கை மாதிரியே நடுங்கியது.

கடைசிக் குழாய். இரண்டு விசில். ஈக்கள் விழுந்தன, எழுந்தன, ஏறின. அதில் ஒன்று மெதுவான ஈ. பாதியில் நின்றது, வழுக்கியது, மறுபடி பிடித்தது. எட்டாவது நொடியில் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஒன்பதில் முன்கால் கோட்டைத் தொட்டது. இன்னும் அரை நொடி விசிலைத் தள்ளி ஊதினால் தாண்டிவிடும். யாருக்கும் தெரியாது. ஏறுடா, ஏறுடா என்று உள்ளே கத்திக்கொண்டே சரியாகப் பத்தில் ஊதினேன். அது கோட்டின் மேல் நின்றிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கயல்விழி, "பன்னெண்டு சார்" என்றாள். சரியான எண்ணிக்கை. படியில் நின்றதை அவள் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

தாளைத் திறந்தோம். பன்னிரண்டும் பதினொன்றும் பன்னிரண்டும் இருட்டில் தூங்கியவை. மச்சான், வித்தியாசம் நிற்கிறது. உன் நோட்டில் இருந்தது நிற்கிறது. இது மருந்து இல்லை. தூங்கினால் நோய் போய்விடும் என்றும் அர்த்தம் இல்லை. ஒரு ரக ஈ, ஒரு சின்ன ஆய்வகம், அவ்வளவுதான். ஆனால் உண்மையாக எண்ணியது, நீ கேட்ட கேள்வி, அதற்கு ஈக்கள் ஆமாம் என்கின்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ இல்லையே என்று துக்கமும் தாங்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

உன் தங்கை ஜன்னலிலிருந்து திரும்பினாள். அவள் முகத்தில் எல்லாம் தெரிந்தது, நீ சொன்ன மாதிரியே.

"அப்போ ஏறுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லலாமா?" என்றாள்.

வெளியே ஸ்கூட்டர் நின்றது. பஸ் ஸ்டாண்டு ஐந்து நிமிஷம். விசிலைக் கழுத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னொரு தரம் எண்ணணும்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை ஆணியில் மாட்டினாள். "அண்ணன் மாதிரியே பேசுறீங்க" என்றாள்.